சுண்ணாம்பை அரைத்தது யார்?

சென்ற ஆண்டு காரைக்குடியில் முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டின் முதல் இயலை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். தலைப்பு ‘செட்டிநாட்டுப் பெண்கள்’. 40 பக்கம். படித்து முடித்தபோது அந்த வீடுகள் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டன. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. தரைக்கு ஆத்தங்குடிக் கல். சுவருக்குச் சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசியதால் இன்றும் கை வைத்தால் வழுவழுவென்று இருக்கும். வளவு, முகப்பு, பட்டாலை, இரண்டாம் கட்டு எல்லாம் முறையாக வந்திருந்தன. பெண்கள் கடைசி நாலு பக்கத்தில் வந்தார்கள். வந்ததும் சமைத்தார்கள், கோலம் போட்டார்கள், சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார்கள். இயல் முடிந்துவிட்டது.

“மேடம், எல்லாத்துக்கும் சோர்ஸ் குடுத்திருக்கேன்” என்றாள். கொடுத்துத்தான் இருந்தாள். 31 இணைய முகவரிகள். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மாளிகையை விடுதியாக மாற்றியவர்களின் பக்கம், சுற்றுலா நிறுவனத்தின் பக்கம், ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் இணைப்பு, அந்த இணைப்பை மேற்கோள் காட்டும் கலைக்களஞ்சியப் பக்கம், அந்தக் கலைக்களஞ்சியத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்துப் போட்ட வேறு பத்துப் பக்கங்கள். முட்டை வெள்ளைக்கரு வாக்கியம் ஏறக்குறைய அதே சொற்களில் எல்லாவற்றிலும் இருந்தது. அந்தச் சுண்ணாம்பை அரைத்தது யார் என்று ஒன்றிலும் இல்லை.

குறை அந்தப் பெண்ணுடையது இல்லை. தேடுவதற்கு நாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே ‘செட்டிநாடு’, ‘பெண்கள்’ என்ற இரண்டு சொற்கள்தான். அந்தச் சொற்களைப் போட்டால் இணையம் எதைக் கொடுக்கும்? விற்பனைக்கு இருப்பதைக் கொடுக்கும். கோழிக் குழம்பு, கண்டாங்கிச் சேலை, ஒரு நாள் தங்க அறை. இந்தப் பக்கங்களை எழுதியவர்கள் வரலாறு எழுத உட்காரவில்லை, அறையை நிரப்ப உட்கார்ந்தார்கள். அதில் தப்பும் இல்லை. அதை வரலாற்றுச் சான்றாக அடிக்குறிப்பில் வைக்கும்போதுதான் தப்பு நேர்கிறது. யார் எழுதியது, எப்போது எழுதியது, யார் படிப்பதற்காக எழுதியது, தாங்கள் சொல்வது எங்கிருந்து கிடைத்தது என்று சொல்கிறார்களா: இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்ததில் அவளுடைய 31-இல் மூன்று நின்றது.

அடுத்தவர்களை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமாகாது. பெண்ணிய எழுத்துகளில் நாமே செய்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் வேலு நாச்சியாரைத் தெரியாத பள்ளிக் குழந்தை கிடையாது. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையால் கொல்லப்பட்டபின் திண்டுக்கல் பக்கம் சென்று, ஹைதர் அலியின் ஆதரவோடு 1780-இல் சிவகங்கையை மீட்டவர். இதற்குக் கும்பினிக் கடிதப் போக்குவரத்திலும் பிற்கால ஆய்வுகளிலும் ஆதாரம் உண்டு. ஆனால் அவர் படையில் இருந்து, உடம்பில் நெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்ததாகச் சொல்லப்படும் குயிலியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கையில் அரசு எழுப்பிய மணிமண்டபத்தில் அவருக்கும் நினைவுச் சின்னம் இருக்கிறது. இணையத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். நான் பார்த்தவற்றில் ஒன்றுகூட அந்தக் காலத்து ஆவணம் எதையும் சுட்டவில்லை. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது, அது ஒரு மேடைப் பேச்சைக் காட்டுகிறது.

இதைச் சொன்னால் வகுப்பில் முகங்கள் சுருங்குகின்றன. “அப்ப குயிலி பொய்யா மேடம்?” என்று ஒருத்தி கோபமாகவே கேட்டாள். ஆவணம் இல்லாததால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது. ஒடுக்கப்பட்ட பெண்ணின் பெயரை எந்தக் கும்பினி எழுத்தர் எழுதி வைத்திருப்பான்? ஆனால், ‘இருந்திருக்கலாம்’ என்பதை ‘இருந்தார்’ என்று எழுதும்போது நாம் ஒரு கேள்வியை மூடிவிடுகிறோம். சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் அச்சில் வந்திருக்கின்றன. அந்தப் பக்கங்களைப் புரட்டி, குயிலி அங்கே இருக்கிறாரா, இருந்தால் எப்படி, இல்லையென்றால் எந்த நூலில் எந்த ஆண்டில் முதலில் வருகிறார் என்று பார்ப்பது ஒரு வாரத்து வேலை. வாய்மொழிக் கதையும் சான்றுதான். 18-ஆம் நூற்றாண்டைவிட, அந்தக் கதையைச் சொல்லியவர்களின் காலத்தைப் பற்றியும், அவர்களுக்கு அப்படி ஒருத்தி ஏன் தேவைப்பட்டாள் என்பதைப் பற்றியும் அது உறுதியாகப் பேசும். எனக்கு இந்தக் கேள்விதான் சுவையாகவும் படுகிறது. அதற்கு முதலில் கதையின் வயதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே சிவகங்கையில், ஆவணம் மலைபோல் குவிந்திருந்தும் யாரும் பேசாத பெண் ஒருவர் இருக்கிறார். காத்தம நாச்சியார். 1801-இல் கும்பினியார் ஜமீன்தாராக ஏற்ற கௌரி வல்லப தேவரின் மகள். 1829-இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் ஜமீன் அவருடைய அண்ணன் வழிக்குப் போனது. முதலில் கௌரி வல்லபரின் மனைவியரில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் வழக்காடித் தோற்றார், மேல்முறையீடு முடியுமுன் இறந்தும் போனார். மகள் அதைத் தொடர்ந்தார். குடும்பம் பிரியாத கூட்டுக் குடும்பமாகவே இருந்தாலும், தகப்பன் தானாகத் தேடிய சொத்து தனிச் சொத்து. ஆண் பிள்ளை இல்லாதபோது அது மனைவிக்கும் பின் மகளுக்கும் போகும் என்பது வாதம். 1863-இல், தந்தை இறந்து 34 ஆண்டுகள் கழித்து, லண்டன் பிரிவி கவுன்சில் மகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்துச் சட்டம் படிப்பவர்கள் அந்தத் தீர்ப்பை ‘சிவகங்கை வழக்கு’ என்ற பெயரில் இன்றும் படிக்கிறார்கள். ஊரின் பெயர் நின்றுவிட்டது, வழக்காடியவளின் பெயர் அடைப்புக்குறிக்குள் போய்விட்டது.

என் மாணவிகளுக்கு இது கண்ணில் படாததற்குக் காரணம் எளிது. இதைப் ‘பெண்கள்’ என்ற தலைப்பில் எந்த நூலகமும் வைத்திருக்காது. சட்டம் என்ற அலமாரியில் இருக்கும். பிரிவி கவுன்சில் தீர்ப்புகள் இணையத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் பெயரை அன்றைய ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்: காதமா நாட்சியர், ஷிவகுங்கா. நம் எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது. ஊர்ப் பெயர் மட்டுமில்லை, மாவட்டமும் மாறியிருக்கும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். அதற்கு முன் இராமநாதபுரம், 1910-க்கு முன் மதுரை. 1890-ஆம் ஆண்டுக் காரைக்குடியைத் தேடுகிறவள் மதுரை மாவட்டக் கோப்பைக் கேட்க வேண்டும். இதை யாராவது எனக்கு என் 22 வயதில் சொல்லியிருந்தால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நான் வீணாக்கிய ஒரு கோடை மிச்சமாகியிருக்கும்.

சட்ட அறிக்கையிலும் ஒரு குறை உண்டு. காத்தம நாச்சியாரின் குரல் அதில் இல்லை, அவருடைய வக்கீலின் வாதம் இருக்கிறது. அந்தப்புரத்தில் என்ன பேசினார்கள், மனைவியர் பலரிடையே யார் யாரோடு நின்றார்கள், வழக்குச் செலவுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் வரிகளுக்கு இடையில்தான். இருந்தாலும் ஒரு பெண் தனக்கு வரவேண்டியதைக் கேட்டாள், விடாமல் கேட்டாள் என்பதற்குத் தேதியும் கையெழுத்தும் உள்ள சான்று. சிக்கனமாகக் குடும்பம் நடத்தினாள் என்ற வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி காரைக்குடிக்கே வருகிறேன். 1936-இல் இந்த ஊரிலிருந்து ‘மாதர் மறுமணம்’ என்று ஒரு இதழ் வந்தது. மறுமணத்துக்கென்றே ஒரு சங்கம், அதற்கென்றே ஓர் இதழ். ஆசிரியர் மு. மரகதவல்லி. தாமே இளம் வயதில் கைம்பெண்ணாகி மறுமணம் செய்துகொண்டவர். அவரை மணந்தவர் ‘குமரன்’ இதழை நடத்திய சொ. முருகப்பா. விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் வந்தது 1856-இல். 80 ஆண்டுகள் கழித்தும் அதைச் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது, அதுவும் இந்த ஊரில், ஒரு கைம்பெண்ணே ஆசிரியராக இருந்து. தமிழ்ப் பெண்களின் இதழியல் வரலாற்றில் தனி இயலாக இருக்க வேண்டிய செய்தி இது. தேடிப் பார்த்தால் முருகப்பாவுக்குப் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். பத்திரிகையாளர், சீர்திருத்தக்காரர், கம்பராமாயண ஆய்வாளர். மரகதவல்லி அங்கே ஒரு வரியாக வருவார்: ‘விதவையை மணந்தார்’. அந்த வாக்கியத்தின் எழுவாய் யாரென்று பாருங்கள்.

இவரைத் தேடுகிறவள் சொற்களின் வயதை அறிந்திருக்க வேண்டும். ‘பெண்ணியம்’ என்று போட்டால் 1936 வராது. அன்று எழுதியவர்கள் விதவா விவாகம் என்றார்கள், புனர்விவாகம் என்றார்கள், கைம்மை, மறுமணம், மாதர், ஸ்திரீகள் என்றார்கள். இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேட வேண்டும். இன்னொரு தொல்லை எழுத்து. 1978-இல் தமிழ்நாட்டு அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்கும்வரை லை, னை, றா முதலானவை வேறு வடிவத்தில் அச்சாயின. பழைய பக்கத்தை வருடி எழுத்தாக்கும் மென்பொருள் அந்த இடங்களில் தடுமாறும். ‘மனைவி’ என்று தேடினால் கணினி ‘இல்லை’ என்று சொல்லும், பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்தால் நாலு இடத்தில் இருக்கும். ஆகவே தமிழ் மின்னூலகத்திலோ ஆர்க்கைவ் தளத்திலோ ஒரு பழைய இதழ் கிடைத்தால் தேடுபெட்டியை நம்பாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து விளம்பரம்வரை புரட்டுங்கள். விளம்பரத்தை விடாதீர்கள். பெண்கள் எதை வாங்கினார்கள், எதை வாங்கச் சொன்னார்கள் என்பது தலையங்கத்தில் இருக்காது.

சுயமரியாதை இயக்கத்தின் இதழ்களும் இப்படித்தான் வாசிக்க வேண்டியவை. 1930-இல் பள்ளத்தூரில் நீலாவதிக்கும் இராம. சுப்பிரமணியத்துக்கும் நடந்த சாதி மறுப்புத் திருமணம் அந்த இயக்கத்தின் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்று. காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரைமணி நேரம். நீலாவதி பேசினார், எழுதினார். அவரைப் போன்றவர்களின் எழுத்துகளைக் கே. ஸ்ரீலதா 2003-இல் ஆங்கிலத்தில் தொகுத்தபோது தமிழ் மாணவிகள் பலர் தம் ஊர்ப் பெண்களை ஆங்கிலம் வழியாக அறிந்துகொண்டார்கள். பள்ளத்தூரில் அந்த வீதியில் நின்று கேட்டால் இன்று யாருக்கும் தெரியாது.

அச்சுக்கு வராத தாள்களைப் பற்றி நான் சொல்ல நினைப்பது நிறைய. நகரத்தார் வீடுகளில் கல்யாணத்தின்போது இசைகுடிமானம் எழுதுவார்கள். ஓலையில் எழுதிய காலத்தவையும் சில வீடுகளில் இருக்கின்றன. பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களின் பட்டியல், முறைச்சிட்டை, மொய்க் கணக்கு என்று வேறு தாள்களும் உண்டு. வெள்ளி இத்தனை தோலா, பித்தளை இத்தனை, எவர்சில்வர் இத்தனை, ரொக்கம் இத்தனை. அந்த ரொக்கம் பல வீடுகளில் பெட்டியில் தூங்கவில்லை, பெண்ணின் பேரில் வட்டிக் கடையில் வைப்பாகப் போனது. பர்மாவிலும் மலேயாவிலும் புரண்ட முதலில் ஆச்சிமார்களின் சீதனப் பணமும் இருந்தது. டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட நகரத்தார் வங்கித் தொழில் பற்றிய நூலில் இந்த வைப்புகள் கணக்கு முறையின் பகுதியாக வருகின்றன. அதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் இணையத் தொகுப்பில் படிக்கலாம். யூக்கோ நிஷிமுரா 1998-இல் நகரத்தார் பெண்களின் உறவுமுறையையும் சொத்துரிமையையும் பற்றித் தனி நூலே எழுதினார். இரண்டும் ஆங்கிலம், இரண்டும் வெளிநாட்டவர் செய்தது. தமிழில் நம் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் குலப் பெருமை நூல்கள். அவற்றையும் தள்ள வேண்டாம். ஊர்ப் பெயர், கோயில் பெயர், பிறந்த ஆண்டு, கட்டடம் கட்டிய ஆண்டு ஆகியவற்றுக்கு அவை நல்ல சான்று. மகள்களின் பெயர்களுக்கு மோசமான சான்று. வம்சாவளி மரத்தைப் பாருங்கள், கிளைகள் எல்லாம் ஆண் பெயர்.

ஒன்பது நகரக் கோயில்களில் மணமான தம்பதியைப் புள்ளி என்று கணக்கெடுப்பது வழக்கம். கணவன் இறந்தால் மனைவி அரைப்புள்ளி. வரிக் கணக்கு வசதிக்காக வந்த சொல் என்று சொல்வார்கள், இருக்கட்டும். ஆனால் கோயில் கணக்கைச் சான்றாக எடுக்கிறவள் இதைத் தெரிந்துதான் எண்ணைப் படிக்க வேண்டும். மணமாகாத பெண் அந்த எண்ணில் எங்கே இருக்கிறாள்? வீட்டில் சமைத்த பெண் எங்கே? ஒவ்வொரு பதிவேடும் யாரை எண்ண வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறது.

இந்தத் தாள்கள் இப்போது எங்கே போகின்றன என்று கேட்டால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பழம்பொருள் கடைகள் வரிசையாக. பாகம் பிரித்து வீட்டை இடித்தால் கதவும் தூணும் முதலில் வரும், பிறகு எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பிறகு சட்டமிட்ட படங்கள். ஒரு கடையில் வைரத் தோடு போட்டு நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் படத்தை எடுத்துத் திருப்பினேன். பின்புறம் விலை எழுதியிருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன். “அதெல்லாம் லாட்டா வரும்மா” என்றார். படம் வாங்குகிறவர் உணவகச் சுவரில் மாட்டுவார். கணக்கேடுகள் எடைக்குப் போகும்.

இப்படி எடைக்குப் போகவிருந்ததைத்தான் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தார். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ், கடிதம் என்று யாரும் மதிக்காத தாளையெல்லாம் சேர்த்தார். ஏறத்தாழ 1 லட்சம். அவர் 1992-இல் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது, இப்போது தரமணியில் இருக்கிறது. காப்பாற்றியதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் காரைக்குடி மாணவிக்கு அது ஒரு இரவுப் பயணமும் தங்க ஓர் இடமும் வீட்டில் அனுமதியும் கேட்கும் நூலகமாகிவிட்டது. கோட்டையூரிலிருந்து போன கல்யாணப் பத்திரிகையைப் பார்க்கக் கோட்டையூர்ப் பெண் தரமணிக்குப் போக வேண்டும். போகுமுன் நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடி, அழைப்பு எண்களைக் குறித்துக்கொண்டு, கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் மூன்று நாள் வேலை ஒரு நாளில் முடியும். பக்கத்தில் என்றால் புதுக்கோட்டை ஞானாலயா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தங்கள் சம்பாத்தியத்தில் கட்டிய நூலகம். முதல் பதிப்புகளும் பழைய இதழ்களும் அங்கே ஏராளம். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் கணவரின் சேகரிப்பு என்றே எழுதிவிடுகிறார்கள் என்பதையும் இந்தக் கட்டுரையில் சொல்லாமல் விட முடியாது.

நூலகங்களின் பகுப்பு முறையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போன ஒரு நூலகத்தில் ‘மகளிர்’ என்று எழுதிய அலமாரியில் கோலப் புத்தகமும் சமையலும் மகப்பேறும் இருந்தன. பெண்கள் எழுதிய தன்வரலாறு ‘வாழ்க்கை வரலாறு’ அலமாரியில், தலைவர்களுக்கு நடுவே. 1929-இல் வர்ஜீனியா வுல்ஃப் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் பெண்களைப் பற்றித் தேடியபோது ஆண்கள் எழுதியவையே குவிந்து கிடந்ததாக எழுதினார். அவருக்காவது அட்டவணை இருந்தது. அம்பை 1988-இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது இந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். நேர்காணல், படம், துண்டறிக்கை என்று மற்ற காப்பகங்கள் தாள் என்றே மதிக்காததை அது சேர்க்கிறது. செட்டிநாட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, பாத்திரங்களை வைத்திருக்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் எழுதத் தெரிந்த, அல்லது எழுதுவதற்குச் சொத்து இருந்த வீட்டுப் பெண்களைப் பற்றி. மற்றவர்கள்? அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் நாட்டார்கள் ஆதிதிராவிடர்மீது 8 தடைகளை விதித்தார்கள், 1931 ஜூனில் அவை 11 ஆயின. பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு புழங்கக் கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூச் சூடக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் 1946-இல் வெளியிட்ட சாதி பற்றிய நூலில் இந்தப் பட்டியல் முழுதாக இருக்கிறது. இது ஆள வந்த அதிகாரி எழுதியது. அவருக்கு அவருடைய நோக்கம் உண்டு. என்றாலும் இந்தத் தடைகளைத் திருப்பிப் படியுங்கள். பெண்கள் ரவிக்கை போடத் தொடங்கியிருக்கிறார்கள், பித்தளைக் குடம் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள், பூ வைத்துக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறார்கள். நடக்காததை யாரும் தடை செய்வதில்லை. ஆச்சியின் சாமான் பட்டியலில் பித்தளை எத்தனை என்று எண்ணுகிற அதே ஆண்டில், அதே பகுதியில், இன்னொரு பெண்ணுக்குப் பித்தளை தடை. இரண்டு சான்றையும் ஒரே மேசையில் வைக்காமல் ‘செட்டிநாட்டுப் பெண்கள்’ என்று தலைப்புப் போட நமக்கு உரிமை இல்லை.

என் மாணவிக்கு இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகள் கிடைக்கும் சோத்கங்கா தளத்தைக் காட்டி, உள்ளே படிப்பதற்கு முன் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலைப் படி என்றேன். மற்றவர்கள் எங்கே தேடினார்கள் என்று தெரியும், எங்கே தேடவில்லை என்றும் தெரியும். 31 முகவரிகளில் எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முட்டை வெள்ளைக்கருவிடம் வந்தபோது அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, “எங்க அப்பத்தா ஏதோ சொல்லும் மேடம், சுண்ணாம்பு அரைக்கப் போன கதை. அதெல்லாம் சோர்ஸ்ல வருமா?” என்றாள்.

இரண்டு வாரம் கழித்துப் போனில் பதிவு செய்து கொண்டுவந்தாள். 52 நிமிடம். பாதி நேரம் பக்கத்து வீட்டுக் கோழி கத்துகிறது. அப்பத்தாவின் தாயார்தான் அரைத்தவர். “எங்க ஆத்தா அரைப்பாக. நான் சின்னப்புள்ள, கடுக்காத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். வெண்ணெயாட்டம் வார வரைக்கும் விடமாட்டாக. கை வெந்து போகும். ராத்திரி தேங்கெண்ணெ தடவிக்கிட்டு ஒக்காந்திருப்பாக.” கூலி நெல்லாக அளந்தார்கள், ஆணுக்கு அளந்ததில் முக்கால். முட்டை எங்கிருந்து வந்தது என்று பேத்தி கேட்கிறாள். கிழவி சிரிக்கிறார். “அதெல்லாம் அவுக வச்சிருப்பாக. மஞ்சக்கருவ நாங்க வீட்டுக்குக் கொண்டாருவோம். அதத்தான் சொல்லுவேன், அன்னைக்கு மட்டும் கொழம்பு.”

இந்தச் சான்றையும் மற்றவற்றைப் போலவே கேட்க வேண்டும் என்றேன். ஆறேழு வயதில் பார்த்ததை எழுபது ஆண்டு கழித்துச் சொல்கிறார். முக்கால் என்பது நினைவா, பிறகு கேட்டதா? எந்த வீடு, எந்த ஊர், புது வீடா, கல்யாணத்துக்குப் பூச்சு வேலையா? அந்த ஊரில் இன்னும் இரண்டு கிழவிகளைக் கேட்டாயா? அந்த வீட்டுக் கணக்கேடு எங்காவது இருக்கிறதா? முதலில் முகம் வாடினாள், பிறகு கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்பத்தாவிடம் அச்சில் போடலாமா என்று கேட்டு வரவும் சொன்னேன். சம்மதித்தார், வீட்டுக்காரர் பெயரை மட்டும் போட வேண்டாம் என்றாராம்.

அடிக்குறிப்பில்தான் நாங்கள் வெகுநேரம் நின்றோம். அவள் முதலில் ‘என் அப்பத்தா கூறியது’ என்று எழுதியிருந்தாள். அடித்தோம். ‘ஒரு கட்டடத் தொழிலாளப் பெண்’ என்று எழுதினாள். அதையும் அடித்தோம். கடைசியில் பெயர், ஊர், ஏறத்தாழ வயது, பேசிய தேதி, பதிவின் நீளம் என்று எழுதினாள். அரைத்தவரான தாயாரின் பெயர் பதிவில் இல்லை. பேத்தி கேட்கவே இல்லை, ஆத்தா என்றே பேச்சு போயிருந்தது. போனை எடுத்து அங்கேயே அழைத்தாள். மறுமுனையில் கிழவி இரண்டு முறை “எதுக்குடி?” என்று கேட்டுவிட்டுச் சொன்னார். அவள் அதை எழுதிக்கொண்டாள்.